குமரிக்கண்டத்தைத் தேடும் நாம் தீவகத்தில் எதைத் தொலைக்கிறோம்?

2025 செப்டெம்பரில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை, பூம்புகாரில் இருந்து நாகப்பட்டினம் வரையான கடற்பரப்பில் ஆழ்கடல் ஆய்வைத் தொடங்கியது. கடல் கொண்டதாகச் சொல்லப்படும் காவிரிப்பூம்பட்டினத்தின் எச்சங்கள் எங்கே கிடக்கின்றன என்பது அந்த ஆய்வின் கேள்வி. விடை இன்னும் தெரியாத கேள்வி என்பதால், நேர்மையான கேள்வியும்கூட.

ஆனால் அந்தச் செய்தி பாக்கு நீரிணையைக் கடந்து எமது கைத்தொலைபேசிகளுக்கு வந்து சேர்ந்தபோது விடையோடுதான் வந்தது. "லெமூரியா கண்டுபிடிக்கப்பட்டது", "குமரிக்கண்டம் உண்மையானது", "உலகின் முதல் நகரம் தமிழருடையது" என்ற தலைப்புகளில் காணொளிகள் வட்சப் குழுக்களில் சுற்றின. அவற்றில் ஒரே வரைபடம் திரும்பத் திரும்ப வந்தது. மடகஸ்காரில் இருந்து அவுஸ்திரேலியா வரை நீளும் ஒரு பெருநிலம், அதன் வடக்கு ஓரத்தில் இலங்கை.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படிக் கடந்துபோக முடியாது என்பது அனலைதீவில் தெரிந்தது.

ஒரு தீவு, பல வரைபடங்கள்

நான் அனலைதீவுக்குப் போனது மின்சாரத் திட்டம் பற்றி எழுதுவதற்காக. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையைக் காரணம் காட்டி, திட்டம் நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா அதைத் தனது நன்கொடைத் திட்டமாக ஏற்றுப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தது. 2024 மார்ச்சில் இந்திய நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஊர்காவற்றுறையில் இருந்து படகேறிப் போகவேண்டிய ஒரு சிறிய தீவை இரண்டு வல்லரசுகள் அளந்து பார்த்துவிட்டன.

இப்படி அளக்கப்படுவது அனலைதீவுக்குப் புதிதில்லை. ஒல்லாந்தர் தமது வரைபடங்களில் இந்தத் தீவுக்கு ரொட்டர்டாம் என்று பெயரிட்டிருந்தார்கள். நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்டர்டாம். அவர்கள் போனபின் நெடுந்தீவின் டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது.

மின்சாரம் பற்றிக் கேட்கப்போன இடத்தில், கடைத் திண்ணையில் இருந்த வயதான ஒருவர் தனது தொலைபேசியில் அந்த லெமூரியா வரைபடத்தைக் காட்டினார். "தம்பி, நாங்கள் இருக்கிறது குமரிக்கண்டத்தின்ர மிச்சம். கடல் விழுங்கினது போக நிக்கிற துண்டுதான் இது" என்றார். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லையே என்றேன். அவர் கோபப்படவில்லை. "அவையள் ரண்டாயிரத்தைஞ்நூறு வருஷம் எண்டு பலகை நடேக்குள்ள, நாங்கள் இருபதாயிரம் எண்டு சொன்னா என்ன பிழை?" என்று கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சி. அவர் நிலவியல் பேசவில்லை, காணி பேசினார். தனது ஊர் தனதுதான் என்று நிரூபிக்க எவ்வளவு பழைய உறுதி வேண்டும் என்பதே அவரது கேள்வி.

லெமூரியா எங்கிருந்து வந்தது?

லெமூரியா தமிழ்ச் சொல் இல்லை. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் வைத்த பெயர் அது. மடகஸ்காரில் வாழும் லெமூர் என்ற விலங்கின் உறவினங்கள் இந்தியாவிலும் இருந்தது எப்படி என்று அவர் யோசித்தார். இடையில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று ஊகித்தார். ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் அதை மனித இனத்தின் தொட்டிலாக்கினார். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் அதில் ஆதி இனங்களைக் குடியேற்றினார்.

தமிழில் ஏற்கனவே வேறொரு நினைவு இருந்தது. இறையனார் அகப்பொருளின் உரை மூன்று சங்கங்களைச் சொல்கிறது, முதலிரண்டின் இடங்களும் கடல்கொள்ளப்பட்டன என்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையில் இருந்து மூழ்கிய 49 நாடுகளைக் கணக்கிடுகிறார். குமரிக்கண்டம் என்ற பெயர் கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வருகிறது. அங்கே அது கடலில் மூழ்கிய கண்டமாக இல்லை. பரத நிலத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்று, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழறிஞர்கள் இந்தப் பழைய நினைவையும் ஐரோப்பிய ஊகத்தையும் ஒன்றாகப் பொருத்தினார்கள். வரலாற்றாசிரியர் சுமதி ராமசாமி 2004இல் வெளிவந்த தனது ஆங்கில நூலில் இந்தப் பொருத்தத்தின் கதையை விரிவாக எழுதியிருக்கிறார்.

விஞ்ஞானம் லெமூரியாவைக் கைவிட்டுப் பல தசாப்தங்கள் ஆகின்றன. கண்டங்கள் நகர்கின்றன என்று அல்பிரட் வெக்னர் 1912இல் முன்வைத்த கருத்து, 1960களில் தட்டுப் புவியோட்டு விளக்கமாக நிலைபெற்றது. மடகஸ்காரும் இந்தியாவும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை என்றபின், இடையில் ஒரு கண்டத்தை மூழ்கடிக்கும் தேவையே இல்லாமல் போனது. 2013இல் மொரீசியஸ் கடற்கரை மணலில் மிகப் பழைய சிர்க்கோன் துகள்கள் கிடைத்தன. கடலடியில் ஒரு சிறு கண்டத் துண்டு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். காணொளிகள் இதைத்தான் "லெமூரியா நிரூபணம்" என்கின்றன. அந்தத் துண்டு பிரிந்ததும் மூழ்கியதும் மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஆனால் கடல் நிலத்தை விழுங்கியது உண்மை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. இன்று பாக்கு நீரிணை கிடக்கும் இடம் அன்று நடந்து கடக்கக்கூடிய தரை. அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு எல்லாம் அந்தத் தரையின் மேடுகள். பனி உருக, நீர் ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கை தனித்தீவாயிற்று. அந்தத் தரையில் மனிதர் நடமாடியிருப்பார்கள், வேட்டையாடி, காய்கனி பொறுக்கி வாழ்ந்திருப்பார்கள். அங்கே நகரமோ நூலகமோ சங்கமோ இருந்ததற்குச் சான்று கிடையாது. அந்தப் பெரியவர் சொன்னதில் "கடல் விழுங்கினது போக நிக்கிற துண்டு" என்பது சரி. அதற்கு அவர் வைத்த பெயர்தான் சரியில்லை.

புகாரை மூழ்கடித்த கதை எங்கள் கடலில் தொடங்குகிறது

பூம்புகார் விடயம் வேறு. அது இருந்த நகரம். கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை அகழ்ந்தெடுக்கப்பட்டது. அது கி.மு. 3ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் எஸ்.ஆர். ராவ் தலைமையில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் கடலுக்குள் தேடியபோது, கரையில் இருந்து சுமார் 5 கிலோமீற்றர் தொலைவில், 23 மீற்றர் ஆழத்தில் குதிரைலாட வடிவிலான ஓர் அமைப்பைக் கண்டது. அது மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்பது இன்னமும் முடிவாகவில்லை. அந்தத் திறந்த கேள்விக்குள்தான் பிரித்தானிய எழுத்தாளர் கிரஹாம் ஹான்கொக் புகுந்தார். அவ்வளவு ஆழத்தில் இருப்பதால் அது 11,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்று தனது 2002ஆம் ஆண்டு நூலில் வாதிட்டார். 2023இல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடலடித் தரவுகளைக் கொண்டு, பூம்புகார் 15,000 ஆண்டுகள் பழமையானது என்றார்கள். கடலடியில் இருந்து ஓர் ஓடுகூட எடுத்துக் காலம் கணிக்கப்படாமலேயே ஆண்டுகள் இப்படி ஏறிக்கொண்டே போகின்றன.

புகாரைக் கடல்கொண்ட கதையைச் சொல்லும் மணிமேகலையில் எமது வாசகர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சோழ மன்னன் கிள்ளிக்கும் நாக இளவரசி பீலிவளைக்கும் பிறந்த குழந்தை, மணிபல்லவத்தில் ஒரு வணிகனிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவனது கப்பல் இரவில் உடைகிறது. மகனைத் தேடும் துயரில் மன்னன் இந்திர விழாவை மறக்கிறான். அதனால் கடல் நகரை விழுங்குகிறது.

அந்த மணிபல்லவம் நயினாதீவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் புகாரின் அழிவு தொடங்குவது அனலைதீவுக் கரையில் நின்றால் தெரியும் கடலில். இரண்டு நாக அரசர்கள் ஒரு மணிபீடத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து அடக்கிய கதை மணிமேகலையில் இருக்கிறது. அதே கதை மகாவம்சத்தில் நாகதீபத்தில் நடக்கிறது. தமிழ்க் காப்பியம் ஒன்றும் பாளி நூல் ஒன்றும் ஒரே கதையைப் பகிர்ந்து வைத்திருக்கின்றன. இன்று அதே தீவில் நாகபூசணி அம்மன் கோவிலும் நாகதீப விகாரையும் இருக்கின்றன. ஒரு படகில் வருபவர்கள் இறங்கும்போது இரண்டு வரலாறுகளாகப் பிரிந்து போகிறார்கள்.

நூலை முதலில் திறந்து, மண்வெட்டியைப் பிறகு எடுப்பது

"அவையள் பலகை நடுகினம்" என்ற பெரியவரின் பேச்சு கற்பனை இல்லை. 2020 ஜூனில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென ஜனாதிபதி செயலணி ஒன்றை அமைத்தார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். நியமிக்கப்பட்டபோது ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. 2021 ஜனவரியில் குருந்தூர்மலையில் அகழ்வு தொடங்கியபோது இராணுவம் உடன் நின்றது. அந்த வழக்கைக் கையாண்ட முல்லைத்தீவு நீதிபதி 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தலைக் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். 2024 சிவராத்திரியில் வெடுக்குநாறிமலையில் வழிபட்டவர்கள் கைதானார்கள்.

இவற்றை நாம் எதிர்ப்பது எந்த அடிப்படையில்? ஒரு நூலில் எழுதியிருப்பதை உண்மை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற கல்லைப் பிறகு தேடுவது தொல்லியல் ஆகாது என்கிறோம். தோண்டுபவர் தனக்கு வேண்டாத அடுக்கைத் தூக்கி எறியக்கூடாது என்கிறோம். தமிழ் பௌத்தம் என்று ஒன்று இருந்ததால், பௌத்த எச்சம் எல்லாமே சிங்கள எச்சம் ஆகிவிடாது என்கிறோம். மூன்றும் வலுவான வாதங்கள்.

குமரிக்கண்டத்தைக் கையில் எடுத்த கணத்தில் மூன்றையும் இழக்கிறோம். அதுவும் ஒரு நூலை முடிவாக்கிக் கடலுக்குள் கல் தேடும் வேலைதான். 2,500 ஆண்டு எனும் பலகைக்கு 20,000 ஆண்டு எனும் பலகை பதிலானால், அளவுகோல் ஆதாரமாக இருக்காது, யாரிடம் இராணுவம் இருக்கிறது என்பதாகத்தான் இருக்கும். அந்தப் போட்டியில் யார் வெல்வார் என்பதைத் தீவக மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கீழடியைப் பாருங்கள். அமர்நாத் ராமகிருஷ்ணாவின் 982 பக்க அறிக்கையை இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதம் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. அவரால் எதிர்த்து நிற்க முடிந்ததற்குக் காரணம் மண்ணடுக்குகளும் கரிமக் காலக்கணிப்புகளும் அவர் பக்கம் இருந்ததுதான். கீழடியைக் குமரிக்கண்டத்தோடு கட்டும் ஒவ்வொரு காணொளியும் அந்த அறிக்கையைத்தான் பலவீனப்படுத்துகிறது.

எம்மிடம் இருப்பவை

எம்மிடம் இருப்பவை சிறியவை. ஆனால் மறுக்க முடியாதவை. கந்தரோடையில் போல் ஈ. பீரிஸ் 1910களின் இறுதியில் ஆய்வு செய்தார். 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழகக் குழு அங்கே அகழ்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கா. இந்திரபாலாவும் பொ. இரகுபதியும் 1980-81இல் ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமக்குழியை அகழ்ந்தபோது, குறியீடுகளும் பிராமி எழுத்தும் கொண்ட முத்திரை கிடைத்தது. இரகுபதி தீவுகள் உட்பட யாழ்ப்பாணத்தின் ஆதிக் குடியிருப்புகளை நடந்து ஆராய்ந்து 1987இல் நூலாக்கினார்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பொறித்தவன் பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு. மொழி தமிழ். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து சேரவேண்டும் என்கிறது அது. யானை, குதிரை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசுக்கு, மீதி உரியவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உரியவனுக்கு. மணிமேகலையில் கப்பல் உடைந்த அதே கடலில், உடைந்த கப்பலுக்கான சட்டம். சிங்கள மன்னன் ஒருவன் தனது துறைமுகச் சட்டத்தைத் தமிழில் எழுதினான் என்பது இரு தரப்பின் பெருமைப் பேச்சுக்கும் சங்கடம் தரும் செய்தி. அதனாலேயே அது பெறுமதியானது.

அந்தக் கப்பல்கள் கொண்டுவந்த பொருட்களும் கிடைத்திருக்கின்றன. அல்லைப்பிட்டியில் 1970களில் சீனத்துச் சொங் காலப் பீங்கான் துண்டுகள் வெளிப்பட்டன. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகக் குழு வந்து அங்கே அகழ்ந்தது. மூழ்கிய கண்டம் எதுவும் தேவைப்படாமலே, எமது தீவுகள் சீனாவரை நீண்ட கடற்பாதையில் இருந்தன என்பதற்கு இது போதும்.

1981ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கிறேன். ஜனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் தமிழ்நாடு அரசு தயாரித்த குமரிக்கண்டம் பற்றிய படம் காட்டப்பட்டது. அந்தக் காலப்பகுதியில்தான் ஆனைக்கோட்டையில் முத்திரை கிடைத்தது. மே மாத இறுதியில் யாழ்ப்பாண நூலகம் 97,000 வரையான நூல்களோடும் சுவடிகளோடும் எரிக்கப்பட்டது. ஒரே காலத்தில் ஒரு கற்பனை நாடு திரையில் எழுந்தது, ஓர் உண்மையான சான்று மண்ணில் இருந்து வந்தது, ஓர் உண்மையான சேகரம் சாம்பலானது. எரிந்ததன் இடத்தைக் கற்பனை நாடு நிரப்பியதில் வியப்பில்லை. எரிந்தது என்ன என்று தெரியாதபோது, எல்லாமே அதற்குள் இருந்திருக்கலாம் என்று தோன்றும். அந்தத் துயரத்தை நான் மதிக்கிறேன். அதற்கு மருந்து கற்பனை என்பதைத்தான் ஏற்கமாட்டேன்.

வேறொரு அகழ்வு

எமது மண்ணில் இப்போது வேறொரு அகழ்வும் நடந்திருக்கிறது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில், நீதிமன்றக் கட்டளைப்படி, பேராசிரியர் ராஜ் சோமதேவவின் வழிகாட்டலில் 200க்கும் மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் வெளிக்கொணரப்பட்டன. சிறுவர்களுடையவையும் அவற்றில் இருந்தன. ஒரு நீலநிறப் புத்தகப்பையும் பொம்மையும் கிடைத்தன.

அங்கே பயன்பட்டவை ஆனைக்கோட்டையில் பயன்பட்ட அதே முறைகள்தான். சிறு கரண்டி, தூரிகை, அடுக்குக் குறிப்பு, இலக்கமிட்ட பை, புகைப்படம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அங்கே கேட்டது ஒன்றுதான்: உள்ளதை உள்ளபடி பதியுங்கள், காலத்தைச் சரியாகக் கணியுங்கள், எதையும் மறைக்காதீர்கள். எமது மக்கள் இந்த நாட்டில் வைத்திருக்கும் மிகப் பெரிய கோரிக்கையே ஆதாரத்தின் மீது நிற்கிறது. பழம்பெருமை பேசும்போது மட்டும் ஆதாரம் வேண்டாம் என்று சொல்ல எமக்குக் கட்டுப்படியாகாது.

பீங்கான் கிடைத்த அல்லைப்பிட்டியில்தான் 2006 மே மாதம் குழந்தைகள் உட்பட ஒரு குடும்பம் வீட்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டது. ஒகஸ்டில் அந்த ஊரின் பங்குத்தந்தை காணாமல் ஆக்கப்பட்டார். பராக்கிரமபாகு சட்டம் எழுதிய கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவகத்தில் மூழ்கிய நகரத்தைத் தேடுபவருக்கு 20,000 ஆண்டு பின்னால் போகத் தேவையில்லை. கூரையில்லாத வீடுகளும் ஆளில்லாத வளவுகளும் கண்முன்னே நிற்கின்றன.

செய்யக்கூடியவை

அனலைதீவின் பழமை பற்றி அறிய விரும்புவோருக்கு வேலை நிறைய இருக்கிறது. பழைய கிணறுகள், கேணிகள், பாழடைந்த மடங்கள், துறைகள் எங்கே இருந்தன என்பதை வயதானவர்கள் இருக்கும்போதே வரைபடத்தில் குறிக்கலாம். தோட்டம் கொத்தும்போது வரும் ஓட்டுத் துண்டுகளை எறியாமல், கிடைத்த இடம் எழுதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் பிரிவுக்குக் காட்டலாம். ஒல்லாந்தர் காலத் தோம்புகளில் தீவுகளைத் தேடிப் படிக்கலாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் தீவார் வீடுகளில் உறுதிகளும் படங்களும் கடிதங்களும் இருக்கின்றன. அவற்றை எண்ணிமப்படுத்த ஒரு தொலைபேசி போதும்.

கோவில் திருப்பணிக்குப் பணம் அனுப்புவோருக்கும் ஒரு வேண்டுகோள். சீமெந்துக் கோபுரம் எழும்போது வெளியே வீசப்படும் பழைய கற்களைப் படம் எடுத்து வைக்காமல் வேலையைத் தொடங்க விடாதீர்கள். தொல்லியல் திணைக்களம் அழிக்கிறது என்று குற்றம் சாட்டும் நாமே சில இடங்களில் அதற்கு வேலை வைக்கவில்லை.

இருபதாயிரம் என்று சொன்னால் என்ன பிழை என்று கேட்ட பெரியவருக்கு எனது பதில் இதுதான். ஓர் ஊர் அதில் வாழ்பவர்களுக்கு உரியதாக இருப்பதற்கு அது உலகின் முதல் ஊராக இருக்கத் தேவையில்லை. அவரது தாத்தா வெட்டிய கிணறு அங்கே இருக்கிறது. எந்த ஆண்டு வெட்டினார், யார் கூட நின்று வெட்டினார், எத்தனை முழத்தில் நீர் கண்டது என்பது அவருக்குத் தெரியும். அதை எழுதி, கையெழுத்து வைத்து, படத்தோடு பத்திரப்படுத்தினால், எந்தத் திணைக்களத்தின் பலகையும் அதை இல்லையென்று சொல்ல முடியாது. தீவகத்தில் கிணறுகள் ஒவ்வொன்றாக உவராகி வருகின்றன. எழுதுவதற்கு உள்ள காலம் அதிகமில்லை.